தென்கடலில் கணக்குத் தவறாத மாலுமி: இந்தியக் கடற்பணியிலிருந்து தென்துருவம் சென்ற ஹென்றி பவர்ஸ்

திருப்பதி: திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் புவி நோக்குச் செயற்கைக்கோள்கள் பல, வட, தென் துருவங்களை ஒட்டிய பாதையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 முறை பூமியைச் சுற்றி வருகின்றன. 2009இல் ஏவப்பட்ட ஓசன்சாட்-2 கடற்பரப்பின் காற்றை அளந்தது. 2013இல் ஏவப்பட்ட சரல் கடல் மட்டத்தின் உயரத்தை அளந்தது. உறைபனி மிதக்கும் தென்கடலில் கப்பல் செலுத்துவோருக்கு இன்று விண்ணிலிருந்து எடுத்த படங்களும் புயல் முன்னறிவிப்பும் கிடைக்கின்றன.

1910ஆம் ஆண்டு அத்தகைய உதவி எதுவும் இல்லை. அந்த ஆண்டு பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகாவுக்குப் புறப்பட்ட டெர்ரா நோவா என்ற மரக்கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவிகூடக் கிடையாது. அடிவானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைப் பாய்மரத்தின் உச்சியில் ஏறிப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது.

அந்தக் கப்பலின் சரக்குகளுக்குப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்ட இளம் அதிகாரி, ராயல் இந்தியன் மரைன் என்ற இந்தியக் கடற்பணியிலிருந்து வந்தவர். இன்றைய இந்தியக் கடற்படைக்கு முன்னோடியான அமைப்பு அது. ஹென்றி ராபர்ட்சன் பவர்ஸ் என்ற அந்த மாலுமி, கேப்டன் ராபர்ட் ஸ்காட்டுடன் தென்துருவத்தை அடைந்து, திரும்பும் வழியில் உயிர்நீத்த ஐவருள் ஒருவர். ஸ்காட்டின் பெயர் அறிந்த பலருக்குப் பவர்ஸின் பெயர் தெரியாது. ஆயினும் அந்தப் பயணம் நடந்த விதத்தையும் முடிந்த விதத்தையும் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையே சிறந்த வழிகாட்டி.

தந்தை வழியில் கடல்

பவர்ஸ் 1883ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கிரீனாக் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் பவர்ஸ், பர்மாவிலும் கீழைக் கடல்களிலும் கப்பல் தலைவராகப் பணியாற்றியவர். அவர் ரங்கூனில் காலமானபோது ஹென்றி சிறு குழந்தை. இரண்டு மூத்த சகோதரிகளுடன் அவரை வளர்த்து ஆளாக்கியவர் தாயார் எமிலி. வீட்டின் ஒரே ஆண்பிள்ளை என்ற பொறுப்புணர்வு அவரிடம் இறுதிவரை இருந்தது. எந்தக் கடலில் இருந்தாலும் தாய்க்கும் சகோதரிகளுக்கும் கடிதம் எழுதுவதை அவர் கைவிட்டதில்லை.

1897இல் தேம்ஸ் நதியில் நங்கூரமிட்டிருந்த வொர்ஸ்டர் என்ற பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். பின்னர் லாக் டோரிடன் என்ற நான்கு பாய்மரச் சரக்குக் கப்பலில் பணியாற்றி உலகைப் பலமுறை சுற்றிவந்தார். ஆஸ்திரேலியாவுக்குச் சென்று திரும்பிய பாய்மரக் கப்பல்கள், தென்கடலில் ஓயாது வீசும் மேற்குக் காற்றையே நம்பியிருந்தன. உறையும் கைகளால் நனைந்த பாயைச் சுருட்டுவதும், தளத்தின் மீது அலை ஏறும்போது கயிற்றைப் பற்றி நிற்பதும் அவருக்கு இளமையிலேயே பழகிவிட்டன.

1905இல் ராயல் இந்தியன் மரைனில் அதிகாரியாகச் சேர்ந்தார். பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் பணி அவரை இலங்கைக்கும் பர்மாவுக்கும் அழைத்துச் சென்றது. தந்தை கப்பலோட்டிய அதே ஐராவதி நதியில், மகன் ஆற்றுப் பீரங்கிப் படகு ஒன்றுக்குத் தலைமை வகித்தார். அடுத்துப் பாரசீக வளைகுடாவில் ஆயுதக் கடத்தலைத் தடுக்கும் ரோந்துப் பணியில் இருந்தார். வெப்பம் கொளுத்தும் அந்தக் கடலில் இருந்தபோதுதான் உலகின் மிகக் குளிர்ந்த நிலத்துக்கான அழைப்பு அவருக்குக் கிடைத்தது.

நேர்காணல் இன்றிச் சேர்ந்தவர்

ஸ்காட்டின் இரண்டாவது அண்டார்க்டிகா பயணத்தில் இடம்பெற ஏறத்தாழ 8,000 பேர் விண்ணப்பித்தனர். பவர்ஸை ஸ்காட் முன்னதாகச் சந்தித்ததில்லை. புவியியல் அறிஞர் சர் கிளெமென்ட்ஸ் மார்க்கமும், வொர்ஸ்டர் பயிற்சிக் கப்பலின் தலைவரும் அளித்த பரிந்துரையை ஏற்று, நேர்காணல் இன்றியே அவரைத் தேர்ந்தெடுத்தார்.

முதற்பார்வையில் பவர்ஸ் யாரையும் கவரவில்லை. உயரம் 5 அடி 4 அங்குலம், கட்டைகுட்டையான உடல், செந்நிறத் தலைமுடி, பறவையின் அலகு போன்ற பெரிய மூக்கு. அந்த மூக்கினால் பேர்டி என்ற செல்லப்பெயர் அவருக்கு நிலைத்தது. லண்டனில் கப்பலுக்கு வந்து சேர்ந்தபோது, திறந்திருந்த சரக்கு அறை வாயில் வழியே ஏறத்தாழ 6 மீட்டர் ஆழத்தில் விழுந்தார். கீழே அடுக்கியிருந்த இரும்புக் கட்டிகள் மீது விழுந்தவர், காயம் ஏதுமின்றி எழுந்து வேலையைத் தொடர்ந்தார்.

கரையிறங்கும் குழுவில் தொடக்கத்தில் அவருக்கு இடமில்லை. சரக்குகளைக் கவனித்துவிட்டுக் கப்பலுடனேயே திரும்ப வேண்டியவர் அவர். ஆனால் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதை ஏட்டைப் பார்க்காமலேயே சொல்லும் அவருடைய திறனைக் கண்ட ஸ்காட், கப்பல் நியூசிலாந்தை விடுவதற்கு முன்பே அவரைக் கரைக்குழுவில் சேர்த்துக்கொண்டார்.

இந்தியாவிலிருந்து சென்றவர் பவர்ஸ் மட்டும் அல்லர். மட்டக்குதிரைகளுக்குப் பொறுப்பேற்ற கேப்டன் லாரன்ஸ் ஓட்ஸ், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மாவ் படைமுகாமில் இருந்த குதிரைப்படைப் பிரிவைச் சேர்ந்தவர். வானிலை அறிஞர் ஜார்ஜ் சிம்ப்சன், சிம்லாவில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் பணியாற்றியவர்.

தண்ணீர் ஏறிய இரவு

டெர்ரா நோவா 1884இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் திமிங்கில வேட்டைக்காகக் கட்டப்பட்ட மரக்கப்பல். 1910 நவம்பர் 29 அன்று நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்தை விட்டபோது அதன் சுமை அளவுக்கு மீறியிருந்தது. சுமார் 460 டன் நிலக்கரி, 19 மட்டக்குதிரைகள், 33 நாய்கள், 3 இயந்திரச் சறுக்குவண்டிகள், பல ஆண்டுகளுக்கான உணவு ஆகியவற்றுடன் 60க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். அறைகளில் இடமின்றி, நிலக்கரி மூட்டைகளும் பெட்ரோல் பெட்டிகளும் தளத்தின் மீதே அடுக்கப்பட்டிருந்தன.

டிசம்பர் முதல் நாளில் புயல் தொடங்கியது. தளத்தின் மீது பாய்ந்த அலைகள் நிலக்கரி மூட்டைகளைத் தூக்கி எறிந்தன. அவை பெட்ரோல் பெட்டிகளின் கட்டுகளை இடித்துத் தளர்த்தின. பவர்ஸும் மற்றவர்களும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளினர்.

பெரிய ஆபத்து கீழே இருந்தது. மரப்பலகைகளின் இடுக்குகள் வழியே கசிந்த நீர் நிலக்கரித் தூளை அடித்தளத்துக்குக் கொண்டுசென்றது. அந்தத் தூள் இயந்திர எண்ணெயுடன் சேர்ந்து கட்டிகளாக உருண்டு, தண்ணீரை வெளியேற்றும் இறைப்பான்களை அடைத்துக்கொண்டது. இயந்திர அறையில் நீர்மட்டம் உயர்ந்ததால் கொதிகலனின் நெருப்பை அணைக்க வேண்டியதாயிற்று. அடைப்பை நீக்க இறைப்பானின் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். அதற்கு வழக்கமான வழியைத் திறந்தால் அலைநீர் முழுவதும் உள்ளே புகுந்துவிடும்.

அதிகாரிகள், அறிவியலாளர்கள், மாலுமிகள் என்ற வேறுபாடின்றி அனைவரும் வரிசையாக நின்று வாளிகளால் தண்ணீரை இறைத்தனர். அதே வேளையில் இயந்திர அறையின் இரும்புத் தடுப்புச் சுவரில் மணிக்கணக்கில் வேலை செய்து ஒரு துளை வெட்டப்பட்டது. அதன் வழியே லெப்டினன்ட் எட்வர்ட் எவன்ஸும் பவர்ஸும் நிலக்கரியின் மீது ஊர்ந்து சென்றனர். கழுத்தளவுத் தண்ணீரில் அமிழ்ந்து, உறிஞ்சுகுழாயின் வாயிலிருந்த கரிக்கட்டிகள் கையாலேயே அள்ளி எடுக்கப்பட்டன. இறைப்பான் மீண்டும் வேலை செய்தது. கப்பல் தப்பியது.

2 குதிரைகள், ஒரு நாய், 10 டன் நிலக்கரி, 65 கேலன் பெட்ரோல் ஆகியவற்றோடு இழப்பு நின்றது. கப்பல் அன்று மூழ்கியிருந்தால், தந்தி வசதி இல்லாத நிலையில், அது எங்கே போனது என்பதே உலகுக்குத் தெரிந்திருக்காது.

பனிக்காட்டில் 20 நாட்கள்

புயலைக் கடந்த கப்பல், டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மிதக்கும் பனிப்பாளங்களின் பகுதிக்குள் நுழைந்தது. அதிலிருந்து வெளியேற 20 நாட்கள் ஆயின. கண்காணிப்பு அதிகாரி பாய்மரத்தின் உச்சியில் கட்டிய பீப்பாய்க் கூண்டில் நின்று, பாளங்களுக்கு இடையே தெரியும் நீர்க்கோடுகளைத் தேடி வழி சொல்வார். பிளவு தென்பட்டால் கப்பல் முன்னேறும்; பாளங்கள் நெருங்கினால் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கில் நிற்கும்.

நிற்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுந்தது. கொதிகலன் நெருப்பை அணைத்தால் நிலக்கரி மிச்சமாகும். ஆனால் வழி திறக்கும்போது உடனே புறப்பட முடியாது, மீண்டும் நெருப்பு மூட்டவும் நிலக்கரி தேவை. அணைக்காவிட்டால் நின்ற இடத்திலேயே எரிபொருள் கரையும். துருவக் கடற்பயணத்தில் வெற்றி, தோல்வி இரண்டையும் முடிவு செய்வது இத்தகைய கணக்குகளே.

1911 ஜனவரி 4 அன்று ராஸ் தீவின் கேப் எவன்ஸ் முனையில் குழு கரையிறங்கியது. இறக்கிய ஒவ்வொரு பெட்டிக்கும் பவர்ஸ் கணக்கு வைத்தார்.

உடைந்த பனியின் மேல்

கடற்பனி எவ்வளவு நிலையற்றது என்பதை இரண்டு மாதங்களுக்குள் அவர் நேரடியாக உணர்ந்தார். வழியில் உணவுக் கிடங்குகள் அமைத்துவிட்டுத் திரும்பியபோது, பவர்ஸ், ஆப்ஸ்லி செரி-கேரார்ட், டாம் கிரீன் ஆகிய மூவரும் 4 குதிரைகளுடன் உறைந்த கடலின் மேல் கூடாரமிட்டனர். மார்ச் முதல் நாள் அதிகாலையில் ஓசை கேட்டு வெளியே வந்த பவர்ஸ், சுற்றிலும் பனி துண்டுதுண்டாக உடைந்து மிதப்பதைக் கண்டார். ஒரு குதிரை அதற்குள் காணாமற்போயிருந்தது.

சறுக்குவண்டிகளையும் குதிரைகளையும் விட்டுவிட்டுத் தப்பியிருக்கலாம். பவர்ஸ் அதற்கு இணங்கவில்லை. பாளங்கள் ஒன்றையொன்று நெருங்கும் நேரம் பார்த்து, குதிரைகளைத் தாண்டவைத்து, வண்டிகளையும் கடத்தி, பல மணி நேரம் போராடி மூவரும் நிலைப்பனியை நோக்கி நகர்ந்தனர். சுற்றிலும் கொலைகாரத் திமிங்கிலங்கள் தலைதூக்கி நோட்டமிட்டன. கிரீன் பாளம் பாளமாகத் தாவிச் சென்று உதவி கொண்டுவந்தார். மூவரும் உயிர் தப்பினர், வண்டிகளும் மீண்டன. ஆனால் குதிரைகளில் ஒன்று மட்டுமே பிழைத்தது. கரையேற முடியாமல் நீரில் தவித்த ஒரு குதிரையைத் திமிங்கிலங்களுக்கு விடாமல் பவர்ஸே தம் கையால் கொல்ல நேர்ந்தது.

கடுங்குளிரில் ஒரு பயணம்

அந்தக் குளிர்காலத்தில் டாக்டர் எட்வர்ட் வில்சன், செரி-கேரார்ட் ஆகியோருடன் பவர்ஸ் கேப் குரோசியர் முனைக்குச் சென்றார். பேரரசப் பெங்குவின்களின் முட்டைகளைச் சேகரிப்பது நோக்கம். சூரியனே உதிக்காத பருவத்தில், ஜூன் 27 முதல் ஆகஸ்ட் 1 வரை ஐந்து வாரங்கள் நடந்த பயணம் அது. வெப்பநிலை ஒருமுறை மைனஸ் 60.8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது.

கரையோரத்தில் சூறாவளி அவர்களுடைய கூடாரத்தைப் பறித்துச் சென்றது. கல்லால் எழுப்பிய குடிலின் கூரையும் கிழிந்து பறந்தது. கூடாரம் இன்றித் திரும்புவது இயலாத காரியம். காற்று தணிந்ததும் தேடிச் சென்றபோது, சரிவின் அடியில் கூடாரம் சேதமின்றிக் கிடைத்தது. அதன் பின்னர் உறங்கும்போதெல்லாம் கூடாரத்தின் உச்சியில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பவர்ஸ் தம் உடலோடு பிணைத்துக்கொண்டார். மூன்று முட்டைகளுடன் மூவரும் திரும்பினர்.

முகாமில் இருந்த நாட்களில் சிம்ப்சனுக்கு உதவியாகத் தொலைவில் நிறுவிய வெப்பமானிகளைப் புயலிலும் சென்று பார்த்துவந்தார். நெடும்பயணங்களில் வானிலைக் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

ஐந்தாவது ஆள்

1911 நவம்பர் 1 அன்று தென்துருவப் பயணம் தொடங்கியது. உணவு, எரிபொருள், கூடாரம் யாவும் நான்கு நால்வர் அணிகளுக்கென வகுக்கப்பட்டிருந்தன. அணிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, கடைசி நால்வர் மட்டும் துருவம் வரை செல்வது திட்டம்.

பவர்ஸ் கடைசியாகத் திரும்ப வேண்டிய அணியில் இருந்தார். அந்த அணி டிசம்பர் 31 அன்று தன் பனிச்சறுக்குப் பலகைகளை வழியில் விட்டுவிட்டது. மூன்று நாட்களுக்குப் பின், துருவ அணியில் ஐந்தாவது ஆளாகப் பவர்ஸையும் சேர்ப்பதாக ஸ்காட் அறிவித்தார். அவருடைய உடல் வலிமையும், சூரியனின் உயரத்தை அளந்து இருப்பிடம் கணிக்கும் திறனும் இந்த முடிவுக்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

நால்வருக்கென வகுத்த பங்கீட்டை ஐவருக்கு மாற்ற வேண்டியிருந்தது. சமையலுக்கு ஒவ்வொரு நாளும் கூடுதல் நேரமும் எரிபொருளும் செலவாயின. நால்வருக்கான கூடாரத்தில் ஐவர் படுத்தனர். மற்ற நால்வர் சறுக்குப் பலகைகளில் செல்ல, பவர்ஸ் மட்டும் ஒரு மாதம் பனியில் கால் புதைய நடந்தே வண்டி இழுத்தார். பங்கீட்டுக் கணக்குகளை மற்றவர்களைவிட நன்கு அறிந்தவரே அந்தக் கணக்கில் அடங்காத ஐந்தாவது ஆளானார். ஆயினும் அழைப்பை அவர் மகிழ்ச்சியுடன் ஏற்றார்.

1912 ஜனவரி 16 அன்று தொலைவில் ஒரு கருப்புப் புள்ளியை முதலில் கண்டவரும் அவரே. அது நார்வே நாட்டவர் நட்டுச் சென்ற கருப்புக் கொடி. மறுநாள் ஐவரும் துருவத்தை அடைந்தனர். ரோல்ட் அமுண்ட்சென் 34 நாட்களுக்கு முன்பே, டிசம்பர் 14 அன்று, அங்கு வந்து சென்றிருந்தார். ஐவரும் சோர்ந்த முகத்துடன் நிற்கும் புகழ்பெற்ற புகைப்படம், பவர்ஸ் தம் கையிலிருந்த நூலை இழுத்து எடுத்தது.

20 கிலோமீட்டர் தொலைவில் கிடங்கு

திரும்பும் வழியில் கடற்படை வீரர் எட்கர் எவன்ஸ் பிப்ரவரி 17 அன்று இறந்தார். மார்ச் மாதம் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் நிலவியது. கிடங்குகளில் வைத்திருந்த மண்ணெண்ணெய்த் தகரங்களின் மூடிகளில் இருந்த தோல்வளையங்கள் இறுக்கம் இழந்ததால், எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் குறைந்துபோயிருந்தது. எண்ணெய் இல்லையேல் சூடான உணவு மட்டுமன்றிக் குடிநீரும் இல்லை; பனியை உருக்கித்தான் நீர் பெற வேண்டும். காலில் உறைபனிப் புண்ணால் நடக்க இயலாத ஓட்ஸ், தம்மால் மற்றவர்கள் தாமதிக்கக் கூடாது எனக் கருதி, மார்ச் நடுவில் ஒரு நாள் புயலுக்குள் நடந்து மறைந்தார்.

மார்ச் 19 அன்று மீதமிருந்த மூவரும் கடைசிக் கூடாரத்தை அமைத்தனர். ஒரு டன் கிடங்கு எனப்பட்ட பெரிய சேமிப்பிடம் அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. முந்தைய ஆண்டு பிப்ரவரி 17 அன்று அதை அமைத்தவர்களில் பவர்ஸும் ஒருவர். ஸ்காட்டின் கால் பழுதுபட்டதால், வில்சனும் பவர்ஸும் மட்டும் கிடங்குக்குச் சென்று எரிபொருள் கொண்டுவருவது என முடிவாயிற்று. புயல் ஓயவில்லை. இருவரும் புறப்படவே முடியவில்லை.

ஸ்காட்டின் குறிப்பேட்டில் கடைசித் தேதி மார்ச் 29. பவர்ஸுக்கு அப்போது வயது 28. தாயாருக்கு அவர் எழுதிய கடிதமும், அவருடைய தாயாருக்கு ஸ்காட் எழுதிய கடிதமும் கூடாரத்தில் கிடைத்தன.

இந்தியாவிலிருந்து சென்ற கோவேறு கழுதைகள்

தேடுதல் குழு 1912 நவம்பர் 12 அன்று அந்தக் கூடாரத்தைக் கண்டது. அந்தக் குழு பயன்படுத்திய 7 கோவேறு கழுதைகள், இந்தியாவில் பழக்கப்பட்டு இந்திய அரசால் அனுப்பப்பட்டவை. குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி என்பன அவற்றில் சிலவற்றின் பெயர்கள். கூடாரத்தை மூவரின் உடல்கள் மீதே சரித்து, பனிமேடு எழுப்பி, அதன் உச்சியில் சறுக்குப் பலகைகளால் ஆன சிலுவை நடப்பட்டது. செய்தி 1913 பிப்ரவரியில் நியூசிலாந்திலிருந்து தந்தி மூலம் உலகை எட்டியது.

கூடாரத்தில் கிடைத்தவற்றுள் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள பாறை மாதிரிகளும், ஒரு வானிலைக் குறிப்பேடும் இருந்தன. அந்தக் குறிப்பேட்டில் மார்ச் 13 வரை அளவீடுகள் பதிவாகியிருந்தன. ஓட்ஸ் மறைவதற்குச் சில நாட்களுக்கு முன்பு வரை வெப்பமானி பார்க்கப்பட்டிருக்கிறது.

அந்த அளவீடுகள் வீணாகவில்லை. இந்தியாவுக்குத் திரும்பிய சிம்ப்சன், பயணத்தின் வானிலைப் பதிவுகள் அனைத்தையும் ஆராய்ந்து எழுதிய பெருநூல் 1919இல் கல்கத்தாவில் அச்சானது. அந்த மார்ச் மாதக் குளிர் எவ்வளவு அசாதாரணமானது என்பதைப் பிற்கால அறிவியலாளர்கள் மதிப்பிட உதவியதும் இப்பதிவுகளே.

இன்று இந்தியாவுக்கு அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி என இரண்டு ஆய்வு நிலையங்கள் உள்ளன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற செயற்கைக்கோள்களின் தரவுகளைப் பெறும் தரைநிலையம் பாரதியில் இயங்குகிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் உள்ள காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் மேல்வளிமண்டலக் காற்றை ஓயாது அளந்துவருகிறது. பவர்ஸ் வெப்பமானியும் பென்சிலும் கொண்டு செய்த பணியின் தொடர்ச்சியே இவை.

அண்டார்க்டிகாவின் விக்டோரியா நிலத்தில் உள்ள ஒரு மலைத்தொடர் பவர்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய உடல் நகரும் பனித்தட்டில் புதைந்திருக்கிறது. அந்தத் தட்டு ஆண்டுதோறும் கடலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் விளிம்பு ஒருநாள் பனிமலையாக உடைந்து மிதக்கும்போது, அந்த மாலுமி மீண்டும் தென்கடலைச் சென்றடைவார்.